ஆள் மேலே இருக்கும்போது

மே 6, புதன்

இந்த டைரியை உரக்கடைக்காரர் பொங்கலுக்குக் கொடுத்தார். நாலு மாசமா அரிசி டப்பா மேல கிடந்துச்சு. இன்னிக்குத் தூசி தட்டி எடுத்ததுக்குக் காரணம், வீட்டுல பேச ஆள் இல்ல. ஆள் இருக்காரு. நான்தான் பேசலை.

காலையில வெள்ளைப்பாறை எஸ்டேட்டுல வேலை ஆரம்பிச்சோம். காப்பிச் செடிக்கு நிழல் தர்ற சில்வர் மரங்களை மழைக்கு முன்னாடி கவாத்து பண்ணி, கிளையைக் கழிச்சுக் கொடுக்கணும். மரம் ஏறி வெட்டுறது என் வீட்டுக்காரர் சடையாண்டி. கீழே நின்னு கொப்பைக் கயித்துல இறக்குறது தங்கமாயன். விழுந்ததை ஒதுக்கி அடுக்குறது ஜெபமணி அக்கா. வேலையைப் பேசி எடுத்தது நான். அதனால மேஸ்திரின்னு பேரு. எல்லார் திட்டையும் வாங்கிக்கிறவளுக்கு அப்படி ஒரு பேரு.

எஸ்டேட்டுக்கு நடுவுல பதினோராயிரம் வோல்ட் லைன் போகுது. அதுக்காக லைன்மேன் இருதயராஜ் வந்து எங்களை நிக்க வச்சு ஒரு கூட்டம் போட்டார். ஆளுக்கு முப்பது வயசுகூட இருக்காது. வாய் மட்டும் ஓயாது. லைனை ஒட்டின மரத்துக்கெல்லாம் கரண்டை நிறுத்தி, கம்பியில எர்த் மாட்டிக் கொடுப்பாராம், அதுக்கப்புறம்தான் ஏறணுமாம். சரின்னோம். லைனை விட்டுத் தள்ளி இருக்கிற மரம்னாலும், ஆள் ஏறினதும் அலுமினிய ஏணியை எடுத்துத் தரையில படுக்க வச்சிரணுமாம். நிக்கிற ஏணி எப்ப வேணா சாயும், எங்கிட்டு வேணா சாயும்னார்.

அதைக் கேட்டதும் எங்க ஆளுங்க மூஞ்சி மாறிப்போச்சு. மரமேறிங்க வழக்கம் அவருக்குத் தெரியாது. மேலே ஆள் இருக்கும்போது ஏணியை எடுக்கவே மாட்டாங்க. ஏறினவன் மேலேயே செத்துப்போனா, உடம்பைக் கயித்துல கட்டி இறக்குறதுக்கு முன்னாடி ஏணியை எடுப்பாங்க. அதுக்கு மட்டும்தான் எடுப்பாங்க. என் வீட்டுக்காரரோட சித்தப்பாவை அப்படித்தான் இறக்கினாங்க. அதனால ஏணியில கை வச்சாலே இழவு சொன்ன மாதிரி.

நான் இருதயராஜ் சொன்னது நியாயம்னு சொன்னேன். அவ்வளவுதான் சொன்னேன். எங்க வீட்டுக்காரர் எல்லார் முன்னாடியும் என்னைப் பார்த்து, "என்னை ஏத்திவிட்டு ஏணியைப் பிடுங்கணும்னா, முதல்ல தாலியைக் கழட்டி வச்சுட்டு வா"ன்னார்.

பதினெட்டு வருஷம் குடும்பம் நடத்தினதுக்குக் கிடைச்ச பேச்சு இது. இனிமே நானா வாயைத் திறந்தா என் பேரு பவளம் இல்ல.

மே 7, வியாழன்

பேசலை. அவருக்கு ரெண்டு முட்டை வச்சேன். மீந்து போச்சு, அதான்.

மே 9, சனி

இன்னிக்கு லைனை ஒட்டின மரங்க. இருதயராஜ் காலையிலேயே வந்து சப்ஸ்டேஷனுக்குப் பேசி கரண்டை நிறுத்தினார். அப்புறமும் விடலை. நீளக் கழியால தொட்டுப் பார்த்து, கம்பியில எர்த் கம்பியை மாட்டி, அதோட இன்னொரு முனையை மண்ணுல அடிச்ச கம்பியில கட்டினார். அந்தக் கம்பி செத்துப்போச்சுன்னு அவர் கையைக் காட்டுற வரைக்கும் யாரும் மரத்துல கை வைக்கலை.

மேலே இவரு கம்பிக்கு அவ்வளவு பக்கத்துல உட்கார்ந்து வெட்டுறாரு. நேத்து அந்த இடத்துல உட்கார்ந்திருந்தா கரிக்கட்டை. இன்னிக்கு அது வெறும் கொடிக்கயிறு. பார்வைக்கு ரெண்டும் ஒண்ணுதான்.

சாப்பாட்டு வேளையில இருதயராஜ்கிட்ட கேட்டேன், கம்பி அறுந்து மண்ணுல விழுந்தா கரண்டு எங்க போகும்னு. அவரு டிபன் மூடியில தண்ணியை ஊத்திக் காமிச்சார். விழுந்த இடத்துல இருந்து மண்ணுல சுத்திப் பரவுமாம். கிட்டக்க வேகம் அதிகம், தள்ளிப்போகப் போகக் குறையும். நாம காலை அகட்டி எட்டு வச்சா, ஒரு கால் வேகமான இடத்துல, இன்னொரு கால் குறைஞ்ச இடத்துல. அந்த வித்தியாசம் போதும், ஒரு கால்ல ஏறி மறுகால்ல இறங்கிரும். கம்பியைத் தொடவே வேணாம். நடந்தாலே போதும். அந்த மாதிரி மாட்டிக்கிட்டா ரெண்டு பாதத்தையும் ஒட்டி வச்சு, தூக்காம, தேய்ச்சுத் தேய்ச்சு வெளியே வரணுமாம்.

யம்மா! இத்தனை வருஷமா இந்தக் கம்பிக்கு அடியில உட்கார்ந்து சோறு தின்னிருக்கேன், குட்டித் தூக்கம் போட்டிருக்கேன். சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது காலைச் சின்னச் சின்னதா எடுத்து வச்சிருக்கேன் போல. ஜெபமணி அக்கா, புதுப்பொண்ணு நடக்குற மாதிரி நடக்குறியேன்னு கேலி பண்ணிச்சு.

மே 10, ஞாயிறு

வேலை இல்ல. துணி துவைச்சேன், ரேஷனுக்குப் போனேன், துவரம்பருப்பு வரலைன்னு திரும்பி வந்தேன். இவரு வாசல்ல உட்கார்ந்து அரிவாள் தீட்டிக்கிட்டே கோழிகிட்ட பேசுறாரு. "உங்கம்மாவுக்குக் கோபம் இன்னும் இறங்கலையா"ன்னு கோழியைக் கேட்குறாரு. எனக்குச் சிரிப்பு வந்துச்சு. அடுப்படிக்குள்ள போய்ச் சிரிச்சுட்டு வந்தேன்.

ரவிக்கையில ஊக்கு மாத்தணும், மறந்துரக் கூடாது.

மே 11, திங்கள்

இன்னிக்கு நான் ஒரு காரியம் பண்ணினேன். அவரு மரத்துல ஏறினதும் நானே போய் ஏணியைப் பிடிச்சுச் சாய்க்கப் போனேன். தங்கமாயன் ஒதுங்கிட்டான். ஜெபமணி அக்கா வேணாம்னு என்னோட மல்லுக்கட்டிட்டு, அப்புறம் ஒருவழியா கூடப் பிடிச்சுக் கொடுத்துச்சு. தரையில படுக்க வச்சோம்.

மேலே இருந்து அரிவாள் சத்தம் வரலை. அண்ணாந்து பார்த்தா அரிவாளைக் கிளையில கொத்தி வச்சுட்டு, கையைக் கட்டிக்கிட்டு உட்கார்ந்திருக்காரு. வெட்டமாட்டாராம். ஏணி வந்தாத்தான் வேலையாம். டீ வந்துச்சு, ஆறிப்போச்சு. வெயில் உச்சிக்கு வந்துச்சு. மனுசன் அசையலை. எஸ்டேட் ஜீப்பு அந்தப் பக்கம் போனப்ப டிரைவர் இறங்கி நின்னு வேடிக்கை பார்த்துட்டுப் போறான்.

கடைசியில ஏணியைத் தூக்கி வச்சேன். உடனே அரிவாள் சத்தம் கேட்குது.

எப்படியோ போகட்டும். இனிமே வர்ற மரமெல்லாம் லைனை விட்டுத் தள்ளித்தான் இருக்கு. நடுவுல ஒரு லாரியை நிறுத்தலாம், அவ்வளவு இடம். நான் தோத்துட்டேன்னு இங்க எழுதிக்கிறேன். அவர்கிட்ட சொல்ல மாட்டேன்.

மே 13, புதன்

எழுத வரலை. நாளைக்கு.

மே 14, வியாழன்

நேத்து நடந்ததை எழுதி வைக்கணும். விட்டா நானே நம்ப மாட்டேன்.

காலையில மேகம் இறங்கிப் புகை மாதிரி காப்பிக்குள்ள நின்னுச்சு. முந்தின நாள் ராத்திரி கோடை மழை பெய்ஞ்சு மண்ணு ஈரம். நாலாவது மரம். இவரு மேலே. ஏணி மரத்துல சாஞ்சபடியே நிக்குது, நான் ஒண்ணும் சொல்லலை. ஒரு பெரிய கொப்பை வெட்டினாரு. தங்கமாயன் கயித்துல பிடிச்சு இறக்குறான். அந்த நேரம் பார்த்து ஒரு காத்து அடிச்சுச்சு. கொப்பு சுழண்டு வந்து ஏணி விலாவுல இடிச்சுச்சு. ஏணி மரத்தை விட்டு வழுக்கி, நின்ன வாக்குல திரும்பி, அந்தாண்ட சாஞ்சுச்சு. லாரி நிறுத்தலாம்னு நான் சொன்ன இடம் ஏணிக்குப் பத்தலை. அதோட தலை போய் லைன்ல உட்கார்ந்துருச்சு.

படார்னு ஒரு சத்தம். நீலமா ஒரு வெளிச்சம் மேகத்துக்குள்ள பரவி அடங்குச்சு. அப்புறம் ஒண்ணும் இல்ல. ஏணி அடி மரத்துக்குப் பக்கத்துல மண்ணுல ஊணி இருக்கு, தலை கம்பியில இருக்கு. புகை இல்ல, பொறி இல்ல. காதைக் கூர்மையாக்கினா அடியில இருந்து ஒரு சின்ன இரைச்சல். ஈரச் சட்டியை அடுப்புல வச்சா கேட்குமே, அந்த மாதிரி.

தங்கமாயன் கயித்தை விட்டுட்டு, "அக்கா, குதிங்கால்ல எறும்பு கடிக்குது"ன்னான்.

எனக்கு அந்த டிபன் மூடித் தண்ணி ஞாபகம் வந்துச்சு. அசையாதேடான்னு கத்தினேன். ரெண்டு காலையும் ஒட்டு, தூக்காதே, தேய்ச்சுக்கிட்டே வான்னேன். பாவம், ஏன் எதுக்குன்னு கேட்காம, காலைக் கட்டிப் போட்ட ஆடு மாதிரி நகர்ந்து நகர்ந்து என்கிட்ட வந்து சேர்ந்தான். வந்ததும் அவனை ரோட்டு வளைவுக்கு விரட்டினேன். அங்கதான் போன்ல சிக்னல் கிடைக்கும். இருதயராஜ்கிட்ட சொல்லி லைனை நிறுத்தச் சொல்லுன்னேன். ஜெபமணி அக்கா என் பக்கத்துல நின்னு ஜெபம் பண்ண ஆரம்பிச்சிருச்சு.

இனி மேலே இருக்கிறவரு. அவரு எட்டிப் பார்த்தாரு. இறங்காதீங்கன்னு சொன்னேன். ஒரு வாரம் கழிச்சு நான் அவர்கிட்ட பேசின முதல் வார்த்தை. அவரு அதைச் சண்டையோட மிச்சம்னு நினைச்சுட்டாரு. வெடிச்சப்பவே கரண்டு போயிருக்கும், சத்தம் கேட்டுச்சுல்லன்னாரு. அந்த ஏணியைத் தொடலை, என் கயித்துல இறங்கிக்கிறேன்னாரு.

"மச்சான், ஏணியில மட்டும் இல்ல. மண்ணுல இருக்கு. மண்ணுல கால் வைக்காதீங்க."

"மண்ணுல எங்கடி கரண்டு இருக்கும்? நீ சொன்னது சரின்னு காட்டுறதுக்கு என்னை இங்கேயே உட்கார வைக்கப் பாக்குறியா?"

நான் என்னத்தைக் காட்டுவேன்? கண்ணுக்குத் தெரிஞ்சா கையை நீட்டிக் காட்டலாம். மண்ணு மண்ணாத்தான் கிடக்கு. அதுமேல சருகு கிடக்கு, ஒரு நத்தை ஊருது. நான் சொல்லச் சொல்ல அவரு கயித்தைப் போட்டு இறங்குறாரு. நான் அழுதேன், கும்பிட்டேன், தாலி மேல சத்தியம்னேன். ஒரு வாரமா வாயை மூடிக்கிட்டு இருந்தவ பேச்சை யாரு நம்புவா? மூணு ஆள் உசரத்துக்கு வந்துட்டாரு. அப்புறம் ரெண்டு ஆள் உசரம். ஓடிப்போய்க் கட்டிப் பிடிச்சுத் தடுக்கலாம்னா, நாலு எட்டுல நானே விழுந்துருவேன். பதினெட்டு வருஷத்துல அவரு எனக்கு அவ்வளவு கிட்டவும் அவ்வளவு எட்டாமலும் இருந்ததே இல்ல.

அப்பத்தான் கீழ்ப்பக்கத்துக் காப்பி அசைஞ்சுச்சு.

காட்டுமாடு. இந்தப் பக்கம் அதுங்க தடம் உண்டு, தினம் பார்க்கிறதுதான். முன்னால வந்தது பெரிய காளை. கறுப்புன்னா அப்படி ஒரு கறுப்பு, முட்டிக்குக் கீழ மட்டும் வெள்ளை உறை மாட்டின மாதிரி. அதோட முதுகு காப்பிச் செடிக்கு மேல மலையா நகருது. பின்னாடி பசுவும் கன்னுமா வரிசை. நேரா அந்த மரத்தைப் பார்த்து வருது. இவரு கயித்துலயே நின்னுட்டாரு. காட்டுமாடு வந்தா எல்லாருமே நிப்போம்.

காளை மரத்துக்குக் கொஞ்சம் முன்னாடி வந்துச்சு. முன்னங்கால் ரெண்டையும் வச்சுச்சு. அப்படியே உறைஞ்சுச்சு. தோல் முழுக்க ஒரு நடுக்கம் ஓடினதை நான் பார்த்தேன். அம்மாம்பெரிய உடம்பு, யாரோ கீழே இருந்து பிடிச்சு இழுத்த மாதிரி முட்டி மடங்கி முன்னால சரிஞ்சுச்சு. மூக்குல இருந்து ஒரு சத்தம் வந்துச்சு, நான் அதுவரைக்கும் கேட்டதே இல்ல. கண்ணு வெள்ளையாத் தெரியுது. போச்சுன்னுதான் நினைச்சேன். எப்படியோ பின்னங்காலை உதைச்சு, ஒரே எகிறா எகிறிப் பின்னால விழுந்து எழுந்துச்சு.

எழுந்து ஓடலை. அங்கேயே நின்னு அந்த வெறும் மண்ணைப் பார்த்துச்சு. ரொம்ப நேரம் பார்த்துச்சு. பின்னாடி இருந்த கூட்டம் மொத்தமும் மூச்சுவிடாம நின்னுச்சு. அப்புறம் காளை தலையைத் தாழ்த்தி, முகத்தைத் திருப்பாம, ஒவ்வொரு அடியாப் பின்னால போச்சு. சாமி சன்னதியில இருந்து நாம முதுகு காட்டாம வருவோமே, அப்படி. மேகம் மூடிக்கிச்சு. ஒண்ணு மேல ஒண்ணு உரசாம அத்தனையும் திரும்பிப் போயிருச்சு.

எனக்குக் கை தானாக் கூப்பிக்கிச்சு. யாரைக் கும்பிட்டேன்னு தெரியலை. மாட்டையா, மண்ணையா, அந்தக் கம்பிக்குள்ள ஓடுறதையா, தெரியலை.

நிமிர்ந்து பார்த்தா இவரு கயித்துல ஏறிக்கிட்டு இருக்காரு. கிளை பிரியிற கவட்டைக்குப் போய், இடுப்புக் கயித்தால மரத்தோட தன்னைச் சேர்த்துக் கட்டிக்கிட்டு, மரத்தை ரெண்டு கையாலயும் அணைச்சுக்கிட்டாரு. "பவளம், போயிராத"ன்னாரு.

போவேனா? அவரு கண்ணை மூடினா கையைத் தளர விட்டுருவாரோன்னு பயந்து பேசிக்கிட்டே இருந்தேன். ஒரு வாரப் பேச்சு மொத்தமும் உள்ளே கிடந்துச்சே. ரேஷன்ல பருப்பு வராததைச் சொன்னேன். அவரு கோழிகிட்ட பேசினதைக் கேட்டு நான் அடுப்படியில சிரிச்சதைச் சொன்னேன். அவரு ம், ம்னு கேட்டுக்கிட்டாரு.

தங்கமாயன் திரும்பி ஓடி வந்து, லைனை நிறுத்திட்டாங்களாம், இருதயராஜ் வர்ற வரைக்கும் யாரும் அசையக் கூடாதாம்னான். நிறுத்திட்டாங்கன்னா பார்வைக்கு என்ன மாறியிருக்கு? அதே ஏணி, அதே மண்ணு. சின்ன இரைச்சல் மட்டும் இல்ல. இருதயராஜ் பைக்குல வந்து, கழியால தொட்டுப் பார்த்து, ரெண்டு பக்கமும் எர்த் மாட்டி, தானே ஏணியை எடுத்துப் போட்டார். அதோட தலை உருகி ஒரு கடி கடிச்ச மாதிரி இருந்துச்சு. அடி ஊணின இடத்துல மண்ணு உருகிக் கறுப்புக் கண்ணாடியா நின்னுச்சு. அடியில பாறை, மேலாப்புல மண்ணு மெல்லிசு, அதனால கரண்டு முழுசா இறங்காம நின்னுருக்கு, அதான் சப்ஸ்டேஷன்ல லைன் தானா கட் ஆகலைன்னு அவரு சொன்னார்.

இவரு கயித்துல இறங்கி வந்தாரு. மண்ணுக்கு ஒரு சாண் மேல நின்னுட்டாரு. இருதயராஜ் தலையை ஆட்டினதும், ரெண்டு பாதத்தையும் ஒட்டி வச்சு மெதுவா ஊணினாரு. ஊணினதும் உட்கார்ந்துட்டாரு. நான் போய்ப் பக்கத்துல உட்கார்ந்தேன்.

மே 16, சனி

ரெண்டு நாளா வேலை இல்ல. லைனுக்கும் மரத்துக்கும் உள்ள தூரத்தை இனிமே கண்ணால பார்க்கக் கூடாதாம். ஏணியை எங்கிட்டு சாய்ச்சாலும் அதோட தலைக்கும் லைனுக்கும் நடுவுல தாராளமா இடம் இருக்கணும், இல்லைன்னா கரண்டை நிறுத்தித்தான் வேலைன்னு இருதயராஜ் முடிவாச் சொல்லிட்டார்.

இவரு நடக்கும்போது தரையைப் பார்த்தே நடக்குறாரு. நான் அன்னிக்கே சொன்னேன்லன்னு கேட்கணும்னு நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. முழுங்கிட்டேன். முட்டை மூணு வச்சேன். மீந்ததுன்னு இந்தத் தடவை எழுத மாட்டேன்.

மே 18, திங்கள்

பள்ளத்துப் பக்கம் வேலை. அங்க லைனே கிடையாது. இவரு மரத்தைத் தொட்டுக் கும்பிட்டுட்டு ஏறினாரு. கவட்டையில நல்லா உட்கார்ந்து, கயித்தைக் கட்டிக்கிட்டு, கீழே பார்த்தாரு.

"பவளம். ஏணியை எடுத்துரு."

தங்கமாயன் ரெண்டடி பின்னால போயிட்டான். இங்கதான் லைன் இல்லையேண்ணேன்னான். ஒவ்வொரு மரத்துக்கும் ஒரு யோசனை பண்ணிக்கிட்டு இருக்க முடியாது, எடுன்னா எடுக்கணும்னு இவரு மேலே இருந்து சொன்னாரு. அவன் தொடமாட்டேன்னுட்டான். ஜெபமணி அக்காவும் முகத்தைத் திருப்பிக்கிச்சு.

நான் போய்ப் பிடிச்சேன். போன வாரம் கோபத்துல வரிஞ்சு கட்டிக்கிட்டுப் பிடிச்ச அதே ஏணி, உருகின தலையை மட்டும் அறுத்து எடுத்தாச்சு. இன்னிக்குக் கை வரலை. உள்ளங்கையைச் சேலையில துடைச்சுட்டு மறுபடி பிடிச்சேன். அவரு பார்த்துக்கிட்டே இருக்காரு, அவசரப்படுத்தலை. மெதுவாச் சாய்ச்சு, கையில வாங்கி, புல்லு மேல படுக்க வச்சேன்.

அண்ணாந்து பார்த்தேன். வழவழன்னு ஒரு மரம், அது உச்சியில ஒரு மனுசன், நடுவுல ஒண்ணுமே இல்ல. கீழே நிக்கிறவ திரும்பி எடுத்து வைப்பான்னு நம்பித்தான் அவரு அங்க உட்கார்ந்திருக்காரு. இவங்க பாட்டன் காலத்துல இருந்து ஏன் அந்த ஏணியைத் தொடவிடலைன்னு எனக்கு இன்னிக்குத்தான் புரிஞ்சுச்சு. அதுக்கு மேல, அதை என்கிட்ட ஏன் கொடுத்தாருன்னும் புரிஞ்சுச்சு.

அரிவாள் சத்தம் ஆரம்பிச்சுச்சு. டீ வந்தப்ப ஜெபமணி அக்கா ரெண்டு தடவை கூப்பிட்டுச்சு. நான் போகலை. கொப்பு விழாத தூரமாப் பார்த்து, ஏணி பக்கத்துல, அவரு இறங்குற வரைக்கும் நின்னுக்கிட்டே இருந்தேன்.